உப்புக் காற்றில் ஒரு மின்பாதை: இராமநாதபுரம் கடலோரத்துக்குப் புதிய 110 கிலோவோல்ட் தொடரைத் திட்டமிடும் முறை

ஒரு கடலோர ஊர் வளர்கிறது என்பதை மக்கள்தொகைக் கணக்குக்கு முன்பே அவ்வூரின் டிரான்ஸ்பார்மர் காட்டிக்கொடுத்துவிடும். மாலை ஏழு மணிக்கு மின்விசிறி தளர்ந்து சுற்றும், ஐஸ் பிளாண்டின் மோட்டார் கிளம்பும்போது தெருவிளக்கு மங்கும், லோ வோல்டேஜ் என்ற புகார் மின்வாரிய அலுவலகத்தில் வாரந்தோறும் பதிவாகும். டிரான்ஸ்பார்மரை மாற்றுவதும் கூடுதல் கம்பம் நடுவதும் சில ஆண்டுகளுக்குத் தாங்கும். அதன் பிறகு, அவ்வட்டாரத்துக்கே புதிய உயர் அழுத்த மின்பாதையும் துணை மின் நிலையமும் தேவை என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்வி எழும் நாளிலிருந்து மின்பாதையில் மின்சாரம் ஏறும் நாள் வரை செய்ய வேண்டியவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன். இளநிலைப் பொறியாளர்களுக்கும், திட்டம் தங்கள் ஊர் வழியாக வருகிறது என்று கேள்விப்படும் ஊராட்சித் தலைவர்களுக்கும் நில உரிமையாளர்களுக்கும் சேர்த்தே இது எழுதப்படுகிறது.

மதுரைப் பக்கத்து மின்பாதைக்கு வரைந்த வரைபடத்தை அப்படியே கொண்டுவந்து இந்தக் கடற்கரையில் நடக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே உப்பும் காற்றும் நிலத்தடி நீரும் கோபுரத்தின் கால் முதல் உச்சி வரை ஒவ்வொரு பாகத்தின் அளவையும் மாற்றுகின்றன.

முதல் படி: தேவையை இரவில் அளத்தல்

தேவைக் கணக்கை வீடுகளிலிருந்து தொடங்குவது வழக்கம். எடுத்துக்காட்டாக 5,000 வீடுகள், ஒவ்வொன்றிலும் 2 கிலோவாட் இணைப்புப் பளு என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 10 மெகாவாட் வரும். ஆனால் எல்லா வீடுகளிலும் எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. மூன்றிலொரு பங்கை உச்சத் தேவையாக எடுத்துக்கொண்டால் 3.3 மெகாவாட் ஆகும். இந்தக் கழிவை ஐஸ் தொழிற்சாலைக்கும் இறால் பண்ணைக்கும் மீன் பதப்படுத்தும் கூடத்துக்கும் அப்படியே பொருத்துவது பெரும் தவறாகும், ஏனென்றால் அவற்றின் மோட்டார்கள் ஒரே வேளையில், பெரும்பாலும் இரவில், சேர்ந்தே ஓடுகின்றன.

இறால் குளத்தைச் சற்று நெருங்கிப் பார்த்தால் காரணம் விளங்கும். பகலில் நீரிலுள்ள பாசி வெயிலில் ஆக்சிஜனை வெளியிடுகிறது. பொழுது சாய்ந்ததும் அந்தப் பாசியே இறாலோடு போட்டியிட்டு ஆக்சிஜனை உறிஞ்சத் தொடங்குகிறது. ஆகவே காற்றூட்டிச் சக்கரங்கள் நள்ளிரவு முதல் விடியும் வரை முழுவேகத்தில் சுற்றியாக வேண்டும். அந்த நேரத்தில் மின்சாரம் போய், ஜெனரேட்டரும் கிளம்பாமல் போனால், இறால்கள் நீர்மட்டத்துக்கு வந்து கரையோரமாகத் திணறுவதைக் கைவிளக்கின் வெளிச்சத்திலேயே காணலாம். அடர்த்தியாக வளர்க்கும் குளத்தில் ஓரிரு மணி நேரத் தடை ஒரு பருவத்தின் முதலீட்டை அழித்துவிடும். எனவே எத்தனை மெகாவாட் வேண்டும் என்பதோடு, எத்தனை நிமிடத் தடையைத் தாங்க முடியும் என்பதையும் ஒவ்வொரு பயனாளரிடமும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இவற்றோடு குடிநீர்த் திட்டப் பம்புகளையும் சேர்க்க வேண்டும். இராமேசுவரம் தீவைத் தொடும் திட்டமானால், ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் வந்து தங்கும் கூட்டத்தின் தேவையைத் தனியே கணக்கிட வேண்டும். நமது எடுத்துக்காட்டில் வீடுகளும் தொழில்களும் சேர்ந்து இன்று 5 மெகாவாட் என்று கொள்வோம். ஆண்டுக்கு 6 சதவீதம் வளர்ந்தால் 12 ஆண்டுகளில் அது இரட்டிப்பாகி 10 மெகாவாட் ஆகும்.

பொதுமக்கள் கூட்டங்களில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையமும் வழுதூரில் எரிவாயு மின்நிலையமும் இருக்கும்போது நம் மாவட்டத்துக்கு ஏன் பற்றாக்குறை என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கமுதி மின்சாரம் 400 கிலோவோல்ட் தொடரில் ஏறி மாநிலத் தொகுப்புக்குள் கலந்துவிடுகிறது. அதைக் கடலோர ஊருக்கு இறக்கித் தர இடையில் துணை மின் நிலையங்களும் பாதைகளும் வேண்டும், மேலும் நமது உச்சத் தேவை சூரியன் மறைந்த பிறகே வருகிறது. குறைபாடு உற்பத்தியில் இல்லை, கொண்டுசேர்க்கும் வழியில் இருக்கிறது என்பதைப் பொறுமையாக விளக்கினால் மக்கள் புரிந்துகொள்கிறார்கள்.

இரண்டாம் படி: அழுத்தத்தையும் அமைப்பையும் தேர்ந்தெடுத்தல்

புதிய பாதைக்கு முன், இருக்கும் 33 கிலோவோல்ட் பாதையில் கெப்பாசிட்டர் சேர்த்தோ கம்பியை மாற்றியோ சமாளிக்க முடியுமா என்று பார்ப்பது கடமை. நமது எடுத்துக்காட்டில் முடியாது என்பதைக் கணக்கே சொல்கிறது. 10 மெகாவாட்டை 0.9 திறன்காரணியில் (அனுப்பும் மின்சாரத்தில் பயனுள்ள வேலையாக மாறும் பங்கு) 33 கிலோவோல்ட்டில் அனுப்பினால் கம்பியில் சுமார் 194 ஆம்பியர் ஓடும். அதையே 110 கிலோவோல்ட்டில் அனுப்பினால் 58 ஆம்பியர் போதும். இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறுவதால், 20 கிலோமீட்டர் தூரத்துக்கு பேந்தர் எனப்படும் எஃகு மைய அலுமினியக் கம்பியையே இரண்டிலும் கட்டினாலும் 33 கிலோவோல்ட்டில் ஏறத்தாழ 320 கிலோவாட் வெப்பமாக வீணாகும், 110 கிலோவோல்ட்டில் அது 30 கிலோவாட்டுக்குள் நிற்கும். அழுத்தச் சரிவு முன்னதில் சுமார் 6 சதவீதம், பின்னதில் அரை சதவீதத்தை ஒட்டியது. ஆகவே 110 கிலோவோல்ட் பாதையும், கடலோரத்தில் ஒரு துணை மின் நிலையமும் என்று முடிவாகிறது.

அடுத்து, ஒரு பாதை போதுமா என்பது. ஏதேனும் ஓர் உறுப்பு பழுதானாலும் வழங்கல் தொடர வேண்டும் என்பதே திட்டமிடலின் அடிப்படை விதி. ஒரே கோபுரத்தில் இரட்டைச் சுற்று கட்டுவது செலவு குறைந்த வழிதான். ஆனால் புயலில் கோபுரம் சாய்ந்தால் இரண்டு சுற்றும் சேர்ந்தே விழும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலையும், 2018 நவம்பரில் டெல்டா மாவட்டங்களின் மின்கம்பங்களைப் பெருமளவில் சாய்த்த கஜாவையும் கண்ட கடற்கரைக்கு, வேறொரு துணை மின் நிலையத்திலிருந்து வேறொரு வழியாக வந்து வளையமாக இணையும் இரண்டாவது பாதையே சரியான காப்பு என்பது என் உறுதியான கருத்து. பணம் இன்று இல்லையென்றாலும், அந்த இரண்டாவது பாதை வந்து சேர்வதற்கான இடத்தைத் துணை மின் நிலைய வளாகத்தில் இன்றே ஒதுக்கிவிட வேண்டும்.

மூன்றாம் படி: வழியை நடந்து தேர்தல்

செயற்கைக்கோள் படத்தில் மூன்று மாற்று வழிகளை வரைந்துகொள்வது தொடக்கம். பிறகு நில அளவைப் புலப்படங்களையும் கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள அடங்கலையும் வைத்துக்கொண்டு, மூன்றையும் நடந்தே பார்க்க வேண்டும். படத்தில் வெறும் பொட்டலாகத் தெரியும் இடம் மழைக்காலத்தில் கண்மாயின் நீர்பிடிப்பாக இருக்கும். படத்தில் காடாகத் தெரிவது பெரும்பாலும் சீமைக் கருவேலம். அதை வெட்டுவது எளிது, ஆனால் அடுத்த மழைக்கே மீண்டும் தழைத்துக் கம்பியை நோக்கி எழும் என்பதால், ஆண்டுதோறும் அகற்றும் செலவைத் திட்ட மதிப்பீட்டிலேயே காட்ட வேண்டும்.

பனை அப்படியல்ல. சாயல்குடிப் பக்கத்துப் பனங்காடுகள் பல குடும்பங்களுக்கு ஆண்டு வருமானம். மேலும் தமிழ்நாட்டில் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்துள்ளது. நன்கு வளர்ந்த பனை 25, 30 மீட்டர் உயரம் போகும் என்பதால் கம்பியை அதற்கு மேல் கொண்டுபோவதும் நடைமுறையில் இயலாது. பனங்காட்டைச் சுற்றிக்கொண்டு போக இரண்டு திருப்பக் கோபுரங்கள் கூடுதலாக வேண்டுமென்றால், அந்தச் செலவை ஏற்றுக்கொள்வதே அறிவுடைமை.

பறவைகளின் வழியையும் நம் வழியோடு சேர்த்து வரைய வேண்டும். இராஜசிங்கமங்கலம் கண்மாயின் பரப்பைச் சொல்ல 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்ற சொலவடை இன்றும் வழங்குகிறது. நாரையே பறந்து கடக்க முடியாத அளவு பெரிய கண்மாய் என்பது அதன் பொருள். அத்தகைய நீர்நிலைகள் நிறைந்த மாவட்டம் இது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கால் ஆகிய பறவைகள் சரணாலயங்கள், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றவை. தனுஷ்கோடியில் பூநாரைகளுக்கென்றே 2025இல் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அந்தி வெளிச்சத்தில் கூட்டமாக இறங்கும் பெரிய பறவைகள் தடித்த மின்கடத்தியைக் கண்டு விலகினாலும், மின்னலிலிருந்து அதைக் காக்க அதற்கு மேலே ஓடும் மெல்லிய புவிக்கம்பியில் மோதிவிடுகின்றன. எனவே சரணாலயத்துக்கும் இரைதேடும் வயல்களுக்கும் நடுவே பாதை குறுக்கிடாமல் பார்ப்பது முதல் வழி. தவிர்க்க முடியாத இடங்களில் புவிக்கம்பியில் பறவை விலக்கிகளை மாட்டுவது இரண்டாவது வழி.

கடல் பக்கம் வந்தால், கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை பொருந்தும் பகுதி, மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளை ஒட்டிய பகுதி, அலையாத்திக் காடுகள் ஆகியவற்றைப் படத்தில் தனி நிறத்தில் குறிக்க வேண்டும். உச்சிப்புளியில் இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத்தளம் இருப்பதால், அச்சுற்றுவட்டாரத்தில் கோபுர உயரத்துக்குப் பாதுகாப்புத் துறையின் இசைவு வேண்டும். இதைக் கடைசியில் கேட்டால் முழு வழியையும் திரும்ப வரைய நேரும்.

தரையிலிருந்து கம்பியின் உயரம் 110 கிலோவோல்ட்டுக்குக் குறைந்தது 6.1 மீட்டர் என்று விதி கூறுகிறது. நான் அதை வெறும் தொடக்க எண்ணாகவே எடுத்துக்கொள்வேன். லாரியில் ஏற்றிய வள்ளம் எந்தச் சாலையில் போகிறது, கோயில் சப்பரம் எந்தத் தெருவில் திரும்புகிறது, ஏர்வாடியில் சந்தனக்கூடு எவ்வழியாக வருகிறது என்று அந்தந்த ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, அவற்றின் உயரத்தை நாடா வைத்து அளந்து, மேலே பாதுகாப்பு இடைவெளியையும் கூட்டி உயரத்தை முடிவு செய்ய வேண்டும். அதுவும் காலைக் குளிர்ச்சியில் உள்ள தொய்வுக்கு அன்று. கடத்தி 75 டிகிரி வரை சூடேறித் தளரும்போது உள்ள தொய்வுக்கே இந்தக் கணக்கு.

நான்காம் படி: உப்புக்கும் காற்றுக்கும் ஏற்ப வடிவமைத்தல்

ஓர் ஆவணி மாதக் கடைசியில், விடிவதற்கு முன், உப்பளங்களை ஒட்டிய ஒரு மின்பாதையின் கீழ் நின்றிருந்தேன். எட்டு மாதமாக நல்ல மழை இல்லை. அன்று லேசான தூறல் மட்டும் விழுந்தது. தலைக்கு மேலே எண்ணெய்ச் சட்டியில் வடகம் பொரிவது போன்ற சத்தம் கேட்டது. அண்ணாந்து பார்த்தால் இன்சுலேட்டர் வட்டுகளின் விளிம்பில் ஊதா நிறப் பொறிகள் ஓடிக்கொண்டிருந்தன. சிறிது நேரத்தில் பாதையில் மின்சாரம் தானாகத் துண்டிக்கப்பட்டு சுற்றுவட்டாரம் இருண்டது. பின்னர் மின்சாரத்தை நிறுத்தி வட்டுகளைக் கீழே இறக்கியபோது, அடிப்பக்க மடிப்புகளில் அரிசி மாவைப் பூசியது போல ஒரு வெண்படலம். விரலால் தடவினால் நறநறவென்றது.

நடந்தது இதுதான். தை முதல் ஆவணி வரை இக்கடற்கரையில் மழை அரிது. அம்மாதங்களில் கச்சான் காற்று கடல் திவலையையும் உப்பளத் தூளையும் இன்சுலேட்டர் மீது படியவைக்கிறது. காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. பெருமழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். பனியும் தூறலும்தான் ஆபத்தானவை, ஏனென்றால் அவை உப்பைக் கரைக்கும் அளவுக்கு நனைக்கின்றன, கழுவும் அளவுக்குப் பெய்வதில்லை.

இதற்கான விடை, இன்சுலேட்டரின் மேற்பரப்பில் மின்சாரம் ஊர்ந்து கடக்க வேண்டிய தூரத்தைக் கூட்டுவதாகும். கடலோர மாசுக்கு ஒரு கிலோவோல்ட்டுக்கு 31 மில்லிமீட்டர் என்ற உச்ச அளவையே கொள்ள வேண்டும். 110 கிலோவோல்ட் தொடரின் அதிகபட்ச அழுத்தம் 123 கிலோவோல்ட் ஆதலால், 123ஐ 31ஆல் பெருக்கினால் 3,813 மில்லிமீட்டர் வேண்டும். 292 மில்லிமீட்டர் ஊர்தூரமுள்ள சாதாரணப் பீங்கான் வட்டானால் 14 தேவைப்படும். அத்தனை நீளச் சரத்துக்குக் கோபுரக் கையும் நீள வேண்டியிருக்கும். 432 மில்லிமீட்டர் உள்ள, மூடுபனிக்கென்று ஆழமான மடிப்புகளோடு செய்த வட்டானால் 9 போதும். வெளிப்பகுதி சிலிக்கோன் ரப்பராலான கூட்டு இன்சுலேட்டர் நீரைப் பரவவிடாமல் முத்து முத்தாக உருட்டிவிடும் என்பதால் உப்பளத்தை ஒட்டிய பகுதிக்கு நான் அதையே பரிந்துரைப்பேன்.

மண்டபம் பகுதி மீனவர்கள் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். அலையின் வேகத்தை வைத்து வந்த இந்தப் பாகுபாடு நமக்கும் பயன்படும். எந்தக் கடலின் திவலை எந்தக் காற்றில் பாதைமீது வருகிறது என்பதைப் பொறுத்து ஒரே பாதையில் இருவேறு அளவு உப்பு படியலாம். இயன்றால், வடிவமைப்புக்கு ஓராண்டு முன்னரே நான்கைந்து இடங்களில் மாதிரி வட்டுகளைத் தொங்கவிட்டு, மாதந்தோறும் படிந்த உப்பைக் கழுவி அளப்பது நல்லது. அதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது.

கம்பியிலும் இதே கவனம் வேண்டும். எஃகு மையம் கொண்ட அலுமினியக் கம்பியில் உப்பு ஈரம் உள்ளே இறங்கி எஃகின் துத்தநாகப் பூச்சைத் தின்றுவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. எனவே முழுவதும் அலுமினியக் கலவையாலான கம்பியைத் தேர்வது கடலோரத்துக்குப் பொருத்தம். கோபுர எஃகுக்கு வழக்கமான துத்தநாகப் பூச்சு சதுர மீட்டருக்கு 610 கிராம். கடலோரத்துக்கு 900 கிராம் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

காற்றைப் பொறுத்தவரை, இந்தியத் தரநிலை நாட்டை நொடிக்கு 33 முதல் 55 மீட்டர் வரையிலான ஆறு காற்று மண்டலங்களாகப் பிரிக்கிறது. பாதை தொடங்கும் உள்நாட்டு ஊரின் மண்டலத்தை வைத்து முழுப் பாதையையும் வடிவமைக்காமல், கோபுரம் நிற்கும் இடத்தையும் கடலை நோக்கிய திறந்த வெளியையும் பார்த்துக் கணக்கிட வேண்டும்.

அடித்தளத்தில்தான் அதிகம் ஏமாறுகிறோம். கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் கரிசல் மண். அது நனைந்தால் வீங்கும், காய்ந்தால் வெடிக்கும். கடற்கரைக்கு வந்தால் மணல், சில அடி ஆழத்திலேயே உவர்நீர். ஒவ்வொரு கோபுர இடத்திலும் மண் ஆய்வு செய்து அடித்தள வகையைத் தனித்தனியே முடிவு செய்ய வேண்டும். கடலோரச் சூழலுக்குக் கான்கிரீட்டின் வலிமைத் தரம் எம்30க்குக் குறையக் கூடாது, திவலை படும் இடத்தில் எம்35. கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இங்குள்ள கிணறுகள் பலவற்றில் அது தாண்டும். ஆகவே நல்ல தண்ணீரை லாரியில் கொண்டுவர வேண்டும், அதுவும் ஊர்க் குடிநீரில் கைவைக்காமல். குடத்தோடு காத்திருக்கும் ஊரில், கோபுரக் குழிக்குத் தண்ணீர் லாரி வந்து நின்றால் மக்கள் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். நீர் எங்கிருந்து வருகிறது என்பதை முன்கூட்டியே ஊராட்சியில் சொல்லிவிடுவது நேர்மை.

ஐந்தாம் படி: நிலமும் இழப்பீடும்

மின்சாரச் சட்டம், 2003இன் 164ஆம் பிரிவின் வழியாக, 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரங்கள் தொடரமைப்பு நிறுவனத்துக்கு வழங்கப்படுகின்றன. இதன்படி நிலம் கையகப்படுத்தப்படுவதில்லை. பட்டா உரிமையாளர் பெயரிலேயே இருக்கும். கோபுரம் நடவும் கம்பி இழுக்கவும் உள்ள உரிமை மட்டுமே நிறுவனத்துக்கு உண்டு. சேதம் இயன்ற அளவு குறைவாக இருக்க வேண்டும், நேர்ந்த சேதத்துக்கு முழு இழப்பீடு தர வேண்டும் என்பது அச்சட்டத்தின் 10ஆம் பிரிவு. உரிமையாளர் தடுத்தால் மாவட்ட ஆட்சியர் முன்பும், இழப்பீடு போதாதென்றால் மாவட்ட நீதிபதி முன்பும் போக 16ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது.

110 கிலோவோல்ட் பாதைக்கு வழித்தட அகலம் 22 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஐந்தரை ஏக்கர் இந்தக் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. அங்கே பயிர் செய்யலாம், வீடு கட்டவும் உயர வளரும் மரம் வைக்கவும் முடியாது. மத்திய மின் அமைச்சகம் 2024 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதல், கோபுர அடிப்பரப்புக்கு நில மதிப்பில் 200 சதவீதமும் வழித்தடத்துக்கு 30 சதவீதமும் தரச் சொல்கிறது. அடிப்பரப்பு என்பது நான்கு கால்களுக்கு இடைப்பட்ட இடத்தோடு ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டர் சேர்ந்தது. மாநில அரசின் நடப்பு ஆணையை ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டு, அதன் நகலைத் தமிழில் ஒவ்வொரு உரிமையாளருக்கும் கொடுக்க வேண்டும்.

இரண்டு ஏக்கர் மானாவாரி நிலத்தின் நடுவில் கோபுரம் விழும் குடும்பத்துக்கு, எந்தச் சதவீதமும் முழு ஆறுதல் ஆகாது. கோபுரத்தைப் பத்து மீட்டர் நகர்த்தி வரப்பு ஓரத்தில் நிறுத்த முடியுமானால் நகர்த்திவிட வேண்டும். நேர்கோட்டில் செல்லும் கோபுரத்தைப் பாதையின் போக்கிலேயே முன்பின் தள்ளுவதற்குப் பெரும்பாலும் கூடுதல் செலவே இல்லை. வரைபடம் முடிந்த பிறகு கேட்டால் மறுப்பார்கள் என்பதால், நில உரிமையாளர்கள் அளவைக் குழு வயலில் இறங்கும் நாளிலேயே உடனிருந்து இதைச் சொல்ல வேண்டும்.

ஆறாம் படி: இசைவுகள்

இவை பல துறைகளில் பரவியிருப்பதால் ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் விண்ணப்பிப்பது நல்லது. மின்சாரச் சட்டத்தின் 68ஆம் பிரிவின்கீழ் மேல்நிலைப் பாதைக்கான முன் ஒப்புதல், ஒழுங்குமுறை ஆணையத்தின் முதலீட்டு ஒப்புதல், வனத்துறை, கடற்கரை மண்டல ஆணையம், ரயில்வே, மதுரை–இராமேசுவரம் தேசிய நெடுஞ்சாலையைக் கடக்கும் அனுமதி, தொலைத்தொடர்பு ஒருங்கிணைப்புக் குழுவின் சான்று ஆகியவை முக்கியமானவை. பாம்பன் கால்வாயைக் கடக்க வேண்டியிருந்தால், கப்பல்களுக்காகப் புதிய ரயில் பாலத்தின் நடுப்பகுதியே 17 மீட்டர் மேலே தூக்கப்படும் இடம் அது என்பதை நினைவில் வைத்து, மேல்நிலைக் கம்பியையும் கேபிளையும் ஒப்பிட்டுத் தனி ஆய்வு செய்ய வேண்டும்.

ஏழாம் படி: கட்டுமானமும் முதல் ஓராண்டும்

20 கிலோமீட்டருக்குச் சுமார் 300 மீட்டர் இடைவெளியில் 65 முதல் 70 கோபுரங்கள் வரும். அடித்தள வேலையை மாசி, பங்குனியில் தொடங்கி, ஐப்பசி மழைக்குக் கண்மாய்கள் நிரம்பும் முன் முடித்துவிட வேண்டும். நெல் அறுவடையான பின் வயலில் இறங்கினால் பயிர்ச் சேதமும் இராது. கம்பி இழுப்பதைக் காற்று அடங்கிய காலை வேளைகளுக்கு ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு கோபுரத்தின் நிலத்தொடர்பு மின்தடையும் 10 ஓமுக்குள் இருக்கிறதா என்று கம்பி கட்டுவதற்கு முன்பே அளக்க வேண்டும்.

மின்சாரம் ஏறிய பின் முதல் ஓராண்டில் இரண்டு இடங்களைத் தவறாமல் பார்க்க வேண்டும். ஒன்று, கோபுரக் கால் கான்கிரீட்டுக்குள் நுழையும் விளிம்பு. அங்கே மண் ஏறி ஈரம் தேங்கினால் துரு அங்கிருந்துதான் தொடங்கும், ஆகவே கான்கிரீட்டின் தலைப்பு தரைக்கு மேல் எழும்பி நீர் வழியும்படி சரிவாக இருக்க வேண்டும். மற்றொன்று, உப்பளத்தை ஒட்டிய கோபுரங்களின் இன்சுலேட்டர். அவற்றை ஆடி பிறக்கும் முன் ஒருமுறையும், முதல் தூறலுக்கு முன் ஆவணியில் ஒருமுறையும் கழுவ, நல்ல தண்ணீர் லாரிக்கும் ஆட்களுக்கும் மின்தடை நேரத்துக்கும் தேதி குறித்து, அந்தத் தேதியை ஐஸ் தொழிற்சாலைகளுக்கும் இறால் பண்ணைகளுக்கும் ஒரு வாரம் முன்னதாகவே எழுத்தில் அனுப்பிவிட வேண்டும்.